பாதிரியார் மினியேச்சர்கள்: கறுப்பு அங்கியைத் தந்தத்தில் தீட்டியவர்கள்

தூரிகைமுனை எழுதியது:

மினியேச்சர், அதாவது உள்ளங்கையில் அடங்குகிற உருவப்படம், என்று இங்கே பேச்சு எடுத்தாலே ஹில்லியர்ட், காஸ்வே, ஜான் ஸ்மார்ட் போன்ற ஓவியர்கள் என்று போய் 18ஆம் நூற்றாண்டோடு நின்றுவிடுகிறோம். பட்டு கவுனும் முத்துமாலையும் சிவப்பு ராணுவக் கோட்டும் இருந்தால் கண் தானாக நிற்கிறது. இங்கிலாந்து ஏலப் பட்டியல்களில் "பெயர் தெரியாத குருவானவர், சுமார் 1830" என்று வருகிற படங்களை யாரும் பெரிதாக்கிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தப் படங்களுக்காகத்தான் இந்த இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மினியேச்சர் ஓவியருக்கு உண்மையிலேயே கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், அவர் தீட்டிய பாதிரியாரைப் பார்க்க வேண்டும்.

காரணம் தந்தம். 1700 வாக்கில் வெனிஸில் ரொசால்பா கரியேரா தந்தத் தகட்டில் தீட்டத் தொடங்கினார். சில வருடங்களில் பெர்னார்ட் லென்ஸ் என்ற ஓவியர் அந்த முறையை இங்கிலாந்தில் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்னால் எல்லாம் கன்றுத்தோல். தந்தத்தை மிக மெல்லிய தகடாக அறுத்து, எண்ணெய்ப் பசையை எடுத்து, நுரைக்கல் தூளால் தேய்த்து, வெயிலில் வெளுக்க வைப்பார்கள். அந்தத் தகட்டுக்குள் ஒளி கொஞ்சம் புகுந்து திரும்பி வரும். அதனால் முகத்துக்கு வண்ணமே அதிகம் வேண்டாம். கன்னத்தில் லேசான சிவப்பு, கண்ணுக்குக் கீழே நீலம் கலந்த சாம்பல், மீதியைத் தந்தமே பார்த்துக்கொள்ளும். பெண்களின் வெள்ளை மஸ்லினும் அப்படித்தான் வருகிறது.

பாதிரியார் வந்து உட்கார்ந்தால் கதையே மாறிவிடுகிறது. படத்தில் பாதி கறுப்பு. நீர்வண்ணம் தந்தத்தில் ஊறாது, மேலேயே வழுக்கும். கறுப்பை மெலிதாகப் பூசினால் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம் காட்டும். ஆழம் வேண்டுமென்று அரபுப் பிசினைக் கூட்டினால் கறுப்பு பளபளக்கும், ஆனால் நாளாக ஆக வெடித்துச் செதில் செதிலாக உதிரும். தந்தத்தின் ஒளிதான் இந்தக் கலையின் மூலதனம். அந்த ஒளியைப் பாதிப் படத்தில் மூடிவைத்துவிட்டு மீதிப் பாதியில் ஒரு மனிதரை உயிரோடு உட்கார வைக்க வேண்டும். அதைச் செய்துகாட்டியவர்களை நாம் கவனிக்காமல் போவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.


லீட்ஸ்காரி எழுதியது:

அண்ணா, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் யார்க்‌ஷைர் பக்கத்துப் பழம்பொருள் சந்தைகளில் இந்தப் பாதிரியார்களைத் தொடர்ந்து பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலானவை சுமார்தான். கோட்டு ஒரே கறுப்புத் தகடாக இருக்கும், தோள் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. முகம் அதன்மேல் ஒட்டவைத்ததுபோல நிற்கும். ஊர் ஊராகப் போய், வாரக் கணக்கில் ஒரு ஊரில் தங்கி, உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து வேலை செய்த ஓவியர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு விகார் (ஊர்க் கோயிலின் குருவானவர்) வந்தால் ஒரே அச்சுதான்.

இன்னொன்று. காஸ்வே காலத்தில் பின்னணி வானமும் மேகமுமாகக் காற்றோட்டமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது போய்விட்டது. எண்ணெய் ஓவியத்தைச் சின்னதாக்கியதுபோலக் கனமான படங்கள் வந்தன. எனக்கு அந்த மாற்றமே பிடிக்கவில்லை. பாதிரியார் படங்கள் அந்தக் கனத்துக்கு நல்ல உதாரணம்.


தூரிகைமுனை எழுதியது:

அந்த மாற்றத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஆண்ட்ரூ ராபர்ட்சன். 1777இல் பிறந்தவர், அபர்டீன்காரர், 1801இல் லண்டன் வந்தார். காஸ்வேயின் படங்கள் அழகான சின்னப் பொருள்கள், அவ்வளவுதான், அவற்றில் ஓவியம் இல்லை என்பது அவருடைய எண்ணம். நகைபோலக் கழுத்தில் தொங்குகிற நீள்வட்டத்தை விட்டுச் செவ்வகத்துக்குப் போனார். சுவரில் மாட்டுகிற எண்ணெய் ஓவியத்தின் ஆழமும் இருளும் தந்தத்திலும் முடியும் என்று காட்ட முயன்றார்.

நீங்கள் கனம் என்று சொல்வதில் எனக்கு ஒப்புதல் உண்டு. ஆனால் அந்தக் கனம் இல்லாமல் கறுப்புக் கோட்டைத் தீட்டவே முடியாது. காஸ்வேயின் நீல வானத்துக்கு முன்னால் ஒரு கறுப்பு அங்கியை வைத்துப் பாருங்கள், தந்தத்தில் ஓட்டை விழுந்ததுபோல இருக்கும். பின்னணியும் பழுப்பாக, இருட்டாக இறங்கினால்தான் கறுப்பு அதோடு சேர்ந்து மூச்சு விடும்.

நல்ல கைகள் என்ன செய்தன என்று லூப் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால் தெரியும். கறுப்பு ஒரே கறுப்பாக இருக்காது. வெளிச்சம் விழும் தோளில் நீலம் கலந்த கறுப்பு, மடிப்புக்குள் பழுப்பு கலந்த கறுப்பு. மேற்கோட்டுக்கு மங்கலான பூச்சு, காலர் ஓரத்துக்கு மட்டும் பிசின் கூடிய பளபளப்பு. இரண்டும் கறுப்புதான், ஆனால் ஒளியை வேறு வேறு விதமாகத் திருப்புவதால் துணி வேறு என்று கண் உணர்ந்துவிடும். சில இடங்களில் பூசிய கறுப்பை ஊசி முனையால் சுரண்டித் தந்தத்தை வெளியே எடுத்து மடிப்பின் விளிம்பைக் காட்டுவார்கள். நானும் நீர்வண்ணம் பிடிக்கிறவன் என்பதால் சொல்கிறேன், ஒரு அங்குல அகலத்தில் அந்தச் சுரண்டலைக் கை நடுங்காமல் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.


புதுமொட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே புதியவள். ஒரு கடையில் ஒரு படம் பார்த்து வைத்திருக்கிறேன். கறுப்பு அங்கி, கழுத்தில் வக்கீல்கள் கட்டுகிற மாதிரி இரண்டு வெள்ளைப் பட்டைகள். கடைக்காரர் "ஆங்கிலிகன் பாதிரியார், 1790" என்கிறார். இதை எப்படிச் சரிபார்ப்பது? உடையை வைத்து வருடம் சொல்ல முடியுமா?


சுவடிக்கூடம் எழுதியது:

அந்த இரண்டு பட்டைகளை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்துவிடாதீர்கள் அம்மா. இங்கிலாந்தில் வக்கீல்களும் அதைக் கட்டினார்கள். ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் போதகர்களும் ஆங்கிலிகன் அல்லாத மற்றச் சபைப் போதகர்களும் கட்டினார்கள். ஆகவே "பட்டை இருக்கிறது, எனவே ஆங்கிலிகன்" என்பது நிற்காது.

முதலில் தலையைப் பாருங்கள். சுருள்சுருளாக விக் இருந்து அங்கியும் பட்டையும் இருந்தால் வக்கீலாக இருக்க வாய்ப்பு அதிகம். சாதாரணக் குருமார்கள் 19ஆம் நூற்றாண்டு பிறக்கும்போதே சொந்த முடிக்கு வந்துவிட்டார்கள். 1795இல் பிரிட்டிஷ் அரசு தலைக்குப் போடும் பவுடருக்கு ஆளுக்கு ஒரு கினி (பவுண்டுக்குச் சற்று மேலான தொகை) வரி போட்டது. வருடம் 100 பவுண்டுக்குக் கீழே வருமானம் உள்ள குருமார்களுக்கு அதில் விலக்கு உண்டு. இருந்தாலும் பவுடர் பழக்கமே அதோடு தேய ஆரம்பித்தது. பிஷப்கள் மட்டும் விக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1830களில் லண்டன் பிஷப் பிளாம்ஃபீல்ட் போன்றவர்கள் அதை விட்டார்கள். கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஹவ்லி 1838இல் விக்டோரியாவுக்கு முடிசூட்டியபோதும் விக்கோடுதான் இருந்தார். ஆக விக்கும், உப்பிய வெள்ளைச் சட்டைக் கைகளும் சேர்ந்து வந்தால் அவர் பிஷப்.

முடி அலங்காரம் உதவும். நெற்றிப் பக்கம் முன்னோக்கிச் சீவிய குட்டை முடி என்றால் 1800க்கும் 1815க்கும் இடைப்பட்ட காலம் என்று யோசிக்கலாம். முழுத் தாடி இருந்தால் பெரும்பாலும் 1850களுக்குப் பிறகு. கிரிமியப் போருக்குப் பிறகுதான் இங்கிலாந்தில் தாடிக்கு மரியாதை வந்தது, அதற்கு முன் ஒரு விகார் தாடியோடு பீடம் ஏறுவது அரிது. நாம் இப்போது பாதிரியார் என்றதும் நினைக்கிற அந்த முழு வட்டக் காலர் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் பரவியது. கோயிலுக்கு வெளியே 1820 வாக்கில் ஒரு குருவானவர் அணிந்தது கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துத் துணியும். அதே உடையில் ஒரு டாக்டரும் இருப்பார், ஒரு வியாபாரியும் இருப்பார்.

பெயர் ஏதாவது பின்பக்கம் இருந்தால் வேலை சுலபம். ஆங்கிலிகன் குருமார்களுக்கு 1540 முதல் 1835 வரை ஒரு இலவச இணையத் தரவுத்தளம் இருக்கிறது. பிற்பாடு வந்தவர்களுக்கு 1858இல் தொடங்கிய கிராக்ஃபோர்ட் என்ற குருமார் பெயரடைவு. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் பழைய மாணவர் பதிவேடுகள் அச்சில் உண்டு. அன்றைய ஆங்கிலிகன் குருமார்களில் பெரும்பாலோர் அந்த இரண்டில் ஒன்றில் படித்தவர்கள்தான். மற்றச் சபைகளின் போதகர்களுக்கு டாக்டர் வில்லியம்ஸ் நூலகத்தின் சேகரிப்பில் தேட வேண்டும்.


தூரிகைமுனை எழுதியது:

சுவடிக்கூடம் சார் சொன்னதோடு ஒரு ஓவியர் தடயமும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளைப் பட்டைகளை எதால் தீட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய ஓவியர்கள் சிலர் வெறும் தந்தத்தையே விட்டுவிடுவார்கள். சிலர் ஈய வெள்ளை வைப்பார்கள். நீர்வண்ணத்தில் ஈய வெள்ளை காற்றிலுள்ள கந்தகத்தால் சாம்பலாகும், சில சமயம் கறுத்தே போகும். நிலக்கரிப் புகை சூழ்ந்த ஊர்களில் தொங்கிய படங்களில் பட்டைகள் அழுக்குப் படிந்ததுபோலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். 1834இல் வின்சர் அண்ட் நியூட்டன் "சைனீஸ் ஒயிட்" என்ற பெயரில் துத்தநாக வெள்ளையைக் கொண்டுவந்தார்கள். அது கறுக்காது. பட்டை பளிச்சென்று தடிமனான வெள்ளையாக நிற்கிறது என்றால் 1790 என்பதை நம்பத் தயங்குவேன்.


பழையபடம் எழுதியது:

தூரிகைமுனை அண்ணன் கறுப்பைப் பற்றிச் சொன்னது எனக்கு வேறு ஒரு இடத்தைத் திறந்துவிட்டது. புகைப்படப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மினியேச்சருக்கு எதிரியாக இருந்த அதே கறுப்புக் கோட்டு, ஆரம்பகாலப் புகைப்படத்துக்கு நண்பனாக இருந்தது.

1843 மே 18 அன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து சபை இரண்டாகப் பிளந்தது. போதகரை நியமிக்கும் உரிமை நிலச்சுவான்தார் கையில் இருக்கக் கூடாது என்று நானூற்றுச் சொச்சம் போதகர்கள் சம்பளத்தையும் வீட்டையும் விட்டு வெளியேறினார்கள். ஜார்ஜ் தெருவிலுள்ள புனித ஆண்ட்ரூ கோயிலிலிருந்து கிளம்பி, கேனன்மில்ஸில் இருந்த டான்ஃபீல்ட் மண்டபம் வரை நடந்துபோய் புதிய சபையைத் தொடங்கினார்கள். ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் அதைப் பெரிய ஓவியமாகத் தீட்ட முடிவு செய்தார். அத்தனை முகங்களையும் உட்காரவைத்து வரைவது எப்போது முடியும்? விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர், ராபர்ட் ஆடம்சன் என்ற இளைஞரிடம் அனுப்பினார். அவர் காகித நெகட்டிவில் எடுக்கும் கேலோடைப் முறையில் தேர்ந்தவர். கால்டன் குன்றில் ராக் ஹவுஸ் வீட்டில் வெயிலில் உட்காரவைத்துப் போதகர்களை ஒவ்வொருவராக எடுத்தார்கள்.

அந்தப் படங்களைப் பாருங்கள். காகித இழை நுணுக்கங்களைக் கரைத்துவிடும். கறுப்புக் கோட்டு முழுவதும் ஒரே நிழலாகக் கீழே இறங்கிவிடும். முகமும் கையும் புத்தகப் பக்கமும் மட்டும் வெளிச்சத்தில் மேலே வரும். ரெம்பிராண்ட்டோடு ஒப்பிட்டு அன்றைக்கே பாராட்டினார்கள். ஓவியர் பிசினும் ஊசியுமாகப் போராடிய இடத்தை கேலோடைப் ஒரு நொடியில் கடந்துவிட்டது. சரி, ஒரு நொடியில் இல்லை, போஸ் நிமிடக் கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆடம்சன் 1848இல் 26 வயதில் இறந்துவிட்டார். ஹில் தன் ஓவியத்தை முடித்தது 1866இல்தான். 457 முகங்கள். அந்தப் பெரிய ஓவியத்தைவிட அதற்காக எடுத்த படங்கள்தான் இன்று உலகப் புகழ்.


லீட்ஸ்காரி எழுதியது:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். முகம் பேச வேண்டும் என்றால் ஹில், ஆடம்சன் படங்கள் இருக்கும்போது தந்தத்தை எதற்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும்?


தூரிகைமுனை எழுதியது:

ஏனென்றால் இரண்டும் வேறு வேறு வேலைக்காகப் பிறந்தவை அக்கா. ஹில் எடுத்த படங்கள் ஒரு சபையின் வரலாற்றுக்காக. மினியேச்சர் ஒரே ஒரு ஆளின் உள்ளங்கைக்காக.

பாதிரியார் என்பவர் ஊருக்குப் பொதுவானவர். அவருடைய பொது முகம் ஏற்கெனவே அச்சில் இருந்தது. 1793இல் தொடங்கிய இவாஞ்சலிக்கல் மேகசின், மெத்தடிஸ்ட் மேகசின் மாதிரி இதழ்கள் போதகர்களின் செதுக்குப் படங்களைத் தொடர்ந்து வெளியிட்டன. ஜான் ஜாக்சன் என்ற ஓவியர், தானே மெத்தடிஸ்ட், அந்தச் சபைப் போதகர்களை நிறையத் தீட்டிச் செதுக்குவதற்குக் கொடுத்தார். அந்த அச்சுப் படங்களை விசுவாசிகள் வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். அந்த முகம் பிரசங்க முகம்.

மினியேச்சர் போனது மனைவியிடம், தாயிடம், கப்பல் ஏறிய மகனிடம். பின்பக்கக் கண்ணாடிக்குள் ஒரு கற்றை முடி இருக்கும், சில சமயம் பின்னிவைத்திருக்கும். இறந்தவருடையது என்று உடனே எண்ண வேண்டாம், உயிரோடிருப்பவரின் முடியையும் வைத்துக்கொண்டார்கள். அங்கியும் பட்டையும் அப்படியே இருக்க, ஊர் பார்க்காத ஒரு தளர்வு முகத்தில் இருக்கும். நல்ல மினியேச்சர்களில் வாயோரத்தைக் கவனியுங்கள், புரியும்.

பெரிய பெயர் ஒன்று சொல்கிறேன். ஜான் ஹென்றி நியூமன், 1840களில், ஆங்கிலிகன் சபையை விட்டு 1845இல் கத்தோலிக்கராகிய அந்தக் காலகட்டத்தை ஒட்டி, சர் வில்லியம் சார்லஸ் ராஸ் முன்னால் உட்கார்ந்தார். அந்த மினியேச்சர் இன்று ஆக்ஸ்ஃபோர்டில் கீபிள் கல்லூரியில் இருக்கிறது. கல்லூரி நியூமனின் நண்பர் ஜான் கீபிள் பெயரில் 1870இல் வந்தது. ராஸ் யார்? ராணி விக்டோரியாவைத் தீட்டியவர், 1842இல் சர் பட்டம் பெற்றவர், அன்றைய லண்டனில் இந்தக் கலையின் முதல் கை. அரண்மனைக்குத் தீட்டியவரிடம் நகை இல்லாத, பட்டு இல்லாத ஒரு கறுப்புக் கோட்டு மனிதர் வருகிறார். அரண்மனைப் படங்களைவிட ராஸை எனக்கு நெருக்கமாக்கியது இதுதான்.


பாளைவாசி எழுதியது:

படம் எதற்காக என்ற கேள்விக்கு நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு சம்பவம் சொல்லலாமா? மினியேச்சர் இல்லை, பெரிய படம்தான், ஆனாலும் இடம் பொருந்தும்.

கேம்பிரிட்ஜில் ஹோலி டிரினிட்டி கோயில் விகார் சார்லஸ் சிமியன். 1782இலிருந்து 1836இல் இறக்கும்வரை அதே கோயில். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் குருமார்களைத் தேர்ந்து அனுப்பியதில் பெரிய பங்கு அவருடையது. எங்கள் பாளையங்கோட்டைக்கு 1816இல் வந்த ஜேம்ஸ் ஹஃப் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர். அவர் கேட்டுக்கொண்டதால்தான் 1820இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் திருநெல்வேலிப் பக்கம் வந்தார்.

சிமியனுக்கு மிகப் பிரியமான சீடர் ஹென்றி மார்ட்டின். அவர் கல்கத்தாவில் இருந்தபோது எழுதப்பட்ட படம் 1812இல் லண்டனில் கம்பெனியின் தலைமை அலுவலகமான இந்தியா ஹவுஸுக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்து பார்த்த சிமியனால் அங்கே நிற்க முடியவில்லை. நோயில் அந்த முகம் அவ்வளவு மெலிந்திருந்தது. அதே வருடம் அக்டோபரில் மார்ட்டின் துருக்கியில் தோக்காத் ஊரில் இறந்துபோனார். சிமியன் அந்தப் படத்தைத் தன் அறைக் கணப்புக்கு மேல் மாட்டி, கடைசிவரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விளையாட்டாக இராதே என்று அது தன்னிடம் சொல்வதாக நண்பர்களிடம் சொல்வாராம்.

அதே சிமியன் பிரசங்கம் செய்யும்போது கையை ஆட்டுவதையும் குனிவதையும் ஓகுஸ்த் எடுவார் என்ற பிரெஞ்சுக்காரர் கறுப்புக் காகிதத்தில் கத்தரித்து வைத்திருக்கிறார். உடம்பு முழுக்கக் கறுப்பு, முகத்தில் ஒரு கோடுகூட இல்லை. இருந்தும் ஆள் யாரென்று தெரிகிறது. தூரிகைமுனை சார் சொல்கிற கறுப்புப் பிரச்சினைக்கு அவர் கண்ட வழி, முழுவதையும் கறுப்பாக்கிவிடுவது!


தூரிகைமுனை எழுதியது:

பாளைவாசி ஐயா, அருமை. எடுவாரை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை.

நம் ஊர்த் தொடர்பு என்றால் ஜான் ஸ்மார்ட்டும் உண்டு. 1785 முதல் 1795 வரை சென்னையில் இருந்து நவாப் முகமது அலியையும் கம்பெனி ஆட்களையும் தந்தத்தில் தீட்டினார். அந்தக் காலப் படங்களில் தன் பெயரெழுத்துக்கும் வருடத்துக்கும் கீழே இந்தியாவைக் குறிக்கும் ஐ என்ற ஆங்கில எழுத்தைப் போடுவார். 19ஆம் நூற்றாண்டு தொடங்கியதும் 1802இல் ஓவியர் ஜார்ஜ் சின்னரி சென்னை வந்தார், அவரும் மினியேச்சர் கையோடு வந்தவர்தான்.


புதுமொட்டு எழுதியது:

இவ்வளவும் படித்த பிறகு அந்தப் படத்தை வாங்கியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. தந்தம் என்பதால் சட்டச் சிக்கல் வருமா? போலியா என்று எப்படிப் பார்ப்பது?


லீட்ஸ்காரி எழுதியது:

சட்டத்தை நான் சொல்கிறேன் தங்கச்சி. பிரிட்டனில் 2018இல் இயற்றிய தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் அமலில் இருக்கிறது. தந்த வியாபாரம் பொதுவாகத் தடை. ஆனால் 1918க்கு முன் தீட்டிய உருவப்பட மினியேச்சர்களுக்கு விலக்கு உண்டு, பரப்பு 320 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, சட்டகம் கணக்கில் வராது. விற்பதற்கு முன் விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், கட்டணம் 20 பவுண்டு. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்தியாவுக்கு எடுத்துப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதிகள் இல்லாமல் தந்தம் எல்லை தாண்டக் கூடாது.

போலி விஷயம். லூப் வைத்து முகத்தைப் பாருங்கள். கையால் தீட்டியது என்றால் நுண்ணிய புள்ளிகளும் குறுக்குக் கோடுகளும் முகத்தின் வளைவைப் பின்பற்றிப் போகும். ஒழுங்கான கட்டங்களாக அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் வெளியே வந்துவிடுங்கள். புள்ளியே இல்லாமல் வழவழவென்று சாம்பல் நிழலும் அதன்மேல் வண்ணமும் இருந்தால் அது புகைப்படத்துக்கு மேல் தீட்டியது. 1850களுக்குப் பிறகு தொழில் போன மினியேச்சர் ஓவியர்கள் பலர் அந்த வேலைக்குத்தான் போனார்கள். பழைய பியானோ கட்டைகளின் தந்தத்தைச் சட்டகத்தில் பதித்து, பெரிய பெயர் ஒன்றைக் கையெழுத்தாகப் போட்டு வருகிற படங்களையும் ஒதுக்குங்கள். அவை அலங்காரத்துக்காகப் பின்னாளில் செய்தவை. 1800க்கும் 1850க்கும் இடைப்பட்ட சாதாரணப் படம் என்றால், பெரும்பாலும் கறுப்பு அரக்குப் பூசிய செவ்வகச் சட்டகம், மேலே ஓக் விதை வடிவத்தில் பித்தளைக் கொக்கி.


தூரிகைமுனை எழுதியது:

வாங்கினால் சில விஷயங்கள். அறையில் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள், வெளிச்சத்தில் முதலில் போவது கன்னத்துச் சிவப்பு. அது போய்விட்டால் ஆள் நோயாளிபோலத் தெரிவார். ரேடியேட்டருக்கு மேலே வேண்டவே வேண்டாம். தந்தம் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் வளையும், வெடிக்கும். அதிலும் 1840களின் பெரிய தகடுகள், தந்தத்தைச் சுற்றிச் சுற்றிச் சீவி எடுத்து நிமிர்த்தியவை. அவை பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும்.

கண்ணாடிக்கு உள்ளே தூசி தெரிகிறது என்று திறந்துவிடாதீர்கள். கண்ணாடியையும் தகட்டையும் ஓரத்தில் மாட்டுக் குடல் சவ்வால் சேர்த்து ஒட்டியிருப்பார்கள், அது கிழிந்தால் ஈரம் நேராக உள்ளே போகும். ஈரத்துணி பட்டால் முகம் துணியோடு வந்துவிடும், அது நீர்வண்ணம் என்பதை மறக்க வேண்டாம். கறுப்பில் வெடிப்பு தெரிந்தால் படத்தைக் கவிழ்க்காமல், தட்டாமல், கிடைமட்டமாகவே ஒரு மினியேச்சர் பராமரிப்பாளரிடம் கொண்டுபோங்கள். செதில் ஒவ்வொன்றையும் திரும்ப ஒட்டவைக்க அவர்களால் முடியும்.

பின் அட்டையில் ஓவியர் பெயரோ விலாசமோ பென்சிலில் இருக்கலாம், ஆகவே அதை மாற்றவும் வேண்டாம். வாங்கியதும் முன்னும் பின்னும் படம் எடுத்து இங்கே போடுங்கள், கழுத்துப் பட்டையையும் தோள் மடிப்பையும் தனியாக நெருக்கி எடுத்தால் நல்லது. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் பிசின் பளபளக்கும் இடங்கள் எங்கே என்று தெரிந்துவிடும்.